வடக்கே போகும் வாத்து: ஒரு பழைய குறிப்பைத் திருத்துகிறேன்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு குறிப்பு என்னிடமே திரும்பி வந்தது. வாட்ஸ்அப் ஃபார்வர்டாக. அனுப்பியது என் அக்கா வீட்டுக்காரர். "மாப்ள, உனக்குப் பிடிச்ச சமாச்சாரம்" என்று ஒரு வரி வேறு.

உள்ளே இருந்தது இதுதான். பிசிராந்தையார் பாடிய அன்னம், கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துதான் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம். எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே பறக்கும் பறவையை ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் அறிந்திருந்தானாம். பெருமையாகப் பகிரவும்.

அந்த "விஞ்ஞானிகள்" நான்தான். மெக்கானிக்கல் பி.இ. படித்துவிட்டு இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கும் ஆள். நான் எழுதியதில் "இருக்கலாம்" என்று ஒரு சொல் இருந்தது. அது எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. ஐயாயிரம் வருடமும் எவரெஸ்ட்டும் எங்கோ வழியில் ஏறிக்கொண்டன.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், அதே ஃபார்வர்டை வைத்துப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பேசி இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். சான்றிதழைக் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கேட்டாள்: "மாமா, அது உண்மைதான?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை என்பது மட்டும் அந்த நிமிஷத்தில் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கொஞ்சம் தாமதமான பதில்.

எங்கள் தொழிலில் ஒரு பெரிய பிழை வந்தால் அதை முதலில் துண்டு துண்டாகப் பிரிப்போம். அதையே இங்கேயும் செய்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த வாத்து எவ்வளவு காலமாகக் குமரிப் பக்கம் வருகிறது, அதற்கு என்ன பதிவு? அது வடக்கே எங்கே போகிறது, அது எப்படித் தெரியும்? புறநானூற்றில் வரும் பறவை இதுதானா?

பறவையும் பெயரும்

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். வரித்தலை வாத்து நாம் வீட்டில் வளர்க்கும் வாத்தைவிடப் பெரியது. இரண்டு முதல் மூன்று கிலோ வரை இருக்கும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை நெடுக இறங்கும். மஞ்சள் கலந்த ஆரஞ்சுக் கால். அறிவியல் பெயர் ஆன்சர் இண்டிகஸ். 1790-ல் ஜான் லேதம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் வைத்த பெயர். "இந்திய வாத்து" என்று பொருள். ஆனால் கூட்டம் கூட்டமாக அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதெல்லாம் திபெத், சிங்ஹாய், மங்கோலியா என்று நடு ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில். நம் நாட்டில் லடாக்கின் ஸோ மொரிரி, ஸோ கர் போன்ற ஏரிகளில் மட்டும். குளிர்காலத்தில் இந்தியச் சமவெளியில் பார்த்தவர்கள் வைத்த பெயர், ஊர் பேரையே பறவை மேல் ஒட்டிவிட்டது.

தமிழில் வேறொரு சிக்கல். ஆங்கிலத்தில் சின்ன வாத்துக்கு ஒரு சொல், பெரிய வாத்துக்கு வேறு சொல். நமக்கு இன்றைக்கு இரண்டுமே வாத்துதான். குமரி மாவட்டப் பக்கம் தாரா என்பார்கள். அதனால் யாராவது பெரியவர் "அந்தக் காலத்துல குளத்துல வாத்து வரும்" என்று சொன்னால், அது நீர்க்காக்கை தவிர எதுவாகவும் இருக்கலாம். பழைய பெயர்களை வைத்துப் பறவையைப் பின்தொடர்வதில் இதுதான் முதல் பள்ளம்.

முதல் கேள்வி: எப்போதிலிருந்து வருகிறது?

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே காடன்குளம். இரண்டும் பாசனக் குளங்கள். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வந்தால் நிறையும், வராவிட்டால் இல்லை. 1994-ல் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். தெருவில் நடந்தால் தலைக்கு மேலே குஞ்சுகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வரித்தலை வாத்துக்குத் தென்கோடியில் இருக்கும் முக்கியமான குளிர்காலத் தங்குமிடங்களில் இது ஒன்று. கன்னியாகுமரி கடற்கரைக்கு இங்கிருந்து வண்டியில் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

சரி, பதிவு? இந்த ஊரைப் பற்றி அச்சில் வந்த பழைய குறிப்புகளில் ஒன்று 1907-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ரீனியஸ் என்பவர் எழுதியது. இந்தியாவில் கூழைக்கடா கூடு கட்டுவதைப் பற்றியது. 1961-ல் அதே இதழில் இன்னொரு குறிப்பு. அதுவும் கூழைக்கடாக் குடியிருப்பைப் பற்றித்தான். கவனித்தீர்களா? கூடு கட்டும் பறவைக்குத்தான் கட்டுரை. குளிருக்கு வந்து, புல்லையும் நெல்லையும் மேய்ந்துவிட்டு, ஒரு முட்டைகூட இடாமல் போகிற விருந்தாளிக்கு யார் தனிக் கட்டுரை எழுதுவார்கள்?

அதற்கு முந்தைய நூற்றாண்டில் வாத்துகளைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் வேட்டைக்காரர்கள். ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து 1879 முதல் 1881 வரை வெளியிட்ட வேட்டைப் பறவைகள் நூல், ஸ்டூவர்ட் பேக்கர் 1908-ல் வெளியிட்ட வாத்துகள் நூல் இரண்டும் இந்த வகை. இவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருந்த அதிகாரிகள். அப்படியென்றால் துப்பாக்கி போன இடத்தில்தான் பதிவு இருக்கும். ஒரு தாலுகாவில் அதிகாரி யாருக்கும் வேட்டையில் ஆர்வம் இல்லையென்றால், அந்தத் தாலுகாவில் வாத்தே இல்லாத மாதிரி ஆகிவிடும். பதிவு இல்லை என்பதற்கும் பறவை இல்லை என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. சர்வரில் லாக் இல்லையென்பதால் பிழை நடக்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா, அது மாதிரி.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹியூம் தன் வாழ்நாள் உழைப்பாகச் சேர்த்துவைத்திருந்த பறவைக் குறிப்புகளின் கையெழுத்துப் பிரதிகள் 1880-களில் சிம்லா வீட்டிலிருந்து திருடுபோய்ப் பழைய பேப்பராக விற்கப்பட்டுவிட்டன. அவர் மனம் வெறுத்துப் பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிக்கொண்டிருந்தார். புறநானூற்றை அவர் 1894-ல் பதிப்பித்தார். ஒரு இடத்தில் பறவைக் குறிப்பு காகித விலைக்குப் போனது. இன்னொரு இடத்தில் பறவையைப் பற்றிய பாட்டு கரையானிடமிருந்து தப்பியது. நம்மிடம் இன்று இருக்கும் "பதிவு" என்பது இப்படித் தப்பியதன் தொகுப்பு மட்டும்தான்.

எழுத்தில் இல்லாததை வாய்மொழியில் தேடலாம் என்று அப்பாவிடம் போனேன். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. விவசாயம். போனில் வரித்தலை வாத்தின் படத்தைக் காட்டி, "சின்ன வயசுல இதைப் பாத்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஏலே, இது என்ன புதுச் சங்கதியா? காமராஜர் முதலமைச்சரா இருந்த காலத்திலேயே வரும். தலையில ரெண்டு கோடு. அறுத்த வயல்ல ராத்திரி வந்து எறங்கும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே படத்தைக் காட்டிவிட்டேனே! தலையில் இரண்டு கோடு இருப்பதை அவர் நினைவிலிருந்து சொன்னாரா, படத்திலிருந்து சொன்னாரா? சாட்சியிடம் விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்ட கதை. அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அந்தச் சாட்சியத்தை நான் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் பெரியப்பாவிடம் படம் எதையும் காட்டவில்லை. "குளிர் காலத்துல குளத்துக்கு என்னென்ன பறவை வரும் பெரியப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாரை, கொக்கு, தாரா என்று வரிசையாகச் சொன்னவர் கடைசியில் சொன்னார்: "அப்புறம் ஒரு பெரிய வாத்து. கழுத்துல வெள்ளைப் பட்டை நெடுக இறங்கும். ராத்திரி கூட்டமா ஆங் ஆங்னு கத்திக்கிட்டுப் போகும். ஜீப்புல துப்பாக்கியோட வந்து சுடுவாங்க. அப்புறம் சட்டம் வந்து அதெல்லாம் நின்னு போச்சு."

சட்டம் என்று அவர் சொன்னது 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அதற்கு முன்னாலேயே இந்தப் பறவை வந்துகொண்டிருந்தது. கழுத்துப் பட்டையையும் குரலையும் யாரும் எடுத்துக்கொடுக்காமல் சொன்னதால் இதை நான் நம்புகிறேன். ஆனால் இதுவும் சுமார் அறுபது வருடத்தோடு நின்றுவிடுகிறது.

அதற்கப்புறம் நிலைமை பரவாயில்லை. 2011-லிருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு வருடமும் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். மாணவர்கள், வாத்தியார்கள், என்னை மாதிரி லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள். ஈபேர்ட் செயலியில் தனித்தனி ஆட்கள் பதிகிறார்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் மாதிரி, எப்போதாவது மட்டும் இந்த வாத்து தலைகாட்டும் இடங்களும் இப்போது பதிவில் வருகின்றன. பெரிய கூட்டத்தைவிட அந்த ஒற்றைப் பதிவுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒரு குளம் வற்றினால் பறவை எங்கே போய்ப் பார்க்கும் என்பதை அவைதான் சொல்லும்.

முதல் கேள்விக்கு என் பதில்: இந்தப் பறவை பல தலைமுறைகளாக இங்கே வருகிறது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டாயிரம் வருடமாக வருகிறது என்று சொல்ல, பாட்டைத் தவிர என்னிடம் ஆதாரம் இல்லை. பாட்டையே ஆதாரமாக வைத்துப் பாட்டை நிரூபிக்க முடியாது.

இரண்டாம் கேள்வி: எங்கே போகிறது?

ஒரு பறவை காணாமல் போகும்போது அது எங்கே போகிறது என்ற கேள்வி எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு வகைக் காட்டு வாத்து குளிருக்கு மட்டும் வரும். கூட்டையோ முட்டையையோ யாரும் பார்த்ததில்லை. அதனால் அது கடலில் மிதந்துவரும் கட்டையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளிலிருந்து பிறக்கிறது என்று நம்பினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் இதைக் கண்ணால் பார்த்த மாதிரியே எழுதிவைத்திருக்கிறார். உண்மையில் அது முட்டையிடுவது கிரீன்லாந்து போன்ற துருவப் பகுதிகளில். இதைப் படித்துவிட்டு அவர்களைக் கிண்டல் பண்ண வேண்டாம். பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் பறவையை நம்பியவர்கள் நாம்.

ஊகத்துக்குப் பதிலாக அடையாளம் வைத்துப் பார்க்கும் வழக்கம் 1899-ல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியரிடம் தொடங்கியது. அலுமினிய வளையத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டிவிட்டார். எங்காவது யாராவது பிடித்தால் கடிதம் போடுவார்கள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தனி அடையாள எண். டேட்டாபேஸ் வைத்து வேலை செய்கிற எவருக்கும் இந்த யோசனையின் அழகு புரியும்.

இந்தியாவில் பெரிய அளவில் வளையம் மாட்டுவதை 1959-ல் சலீம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆரம்பித்தது. நம் கோடிக்கரையும் அதில் ஒரு முக்கிய மையம். இதற்கு உலக சுகாதார நிறுவனம் உதவியது. பறவை மேல் பாசத்தால் இல்லை. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் ஒரு புதுக் காய்ச்சல் வந்தது. உண்ணிகளால் பரவுவது. ரஷ்யாவில் இருந்த ஒரு நோயோடு அதற்கு ஒற்றுமை இருந்ததால், வலசைப் பறவைகள்தான் அங்கிருந்து கொண்டுவந்தனவோ என்ற சந்தேகம். அந்தப் பயம்தான் பணம் கொடுத்தது.

ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து அதே கதை திரும்ப நடந்தது. 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. அதில் பெரும்பகுதி வரித்தலை வாத்துகள். உடனே உலகம் முழுக்க ஒரு கேள்வி: இந்த வாத்து எங்கிருந்து எங்கே போகிறது? அடுத்த சில வருடங்களில் இந்தியாவிலும் மங்கோலியாவிலும் வாத்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவிகள் மாட்டப்பட்டன. மங்கோலியாவில் கழுத்தில் எழுத்து போட்ட பட்டைகளும் மாட்டினார்கள். அப்படிப் பட்டை மாட்டிய வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியில் பார்த்து, எழுத்தைப் படித்து, தகவல் அனுப்பியிருக்கிறார்கள். நாங்குநேரியிலிருந்து மங்கோலிய ஏரிகள் நேர்கோட்டில் சுமார் 5,000 கிலோமீட்டர். நடுவில் இமயமலை.

நம் பறவையின் வழி நமக்குத் தெரியவந்ததற்கு இரண்டு முறையும் காரணம் நோய்ப் பயம்தான் என்பதை நான் இந்தத் தடவைதான் கவனித்தேன். பயம் வராத பறவைகளின் வழியை யார் தேடுவார்கள் என்று தெரியவில்லை.

இப்போது அந்த எவரெஸ்ட் விஷயம். 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த நியூசிலாந்துக்காரர் ஜார்ஜ் லோ, சிகரத்துக்கு மேலே வாத்துகள் பறந்ததைப் பார்த்ததாக ஒரு செய்தி உண்டு. 1954-ல் மகாலு மலைக்குப் போன குழுவில் இருந்த லாரன்ஸ் ஸ்வான் என்ற உயிரியலாளர், ஒரு ராத்திரி பனியாற்றின் மேல் நின்றுகொண்டிருந்தபோது வெகு உயரத்தில் இந்த வாத்துகளின் குரலைக் கேட்டதாக எழுதினார். பார்க்கவில்லை, கேட்டார். என் பெரியப்பா மாதிரியே. அதிலிருந்து "எவரெஸ்ட்டைத் தாண்டிப் பறக்கும் வாத்து" என்பது பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது.

கருவி மாட்டிப் பார்த்தபோது கதை மாறியது. லூசி ஹாக்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டது: பெரும்பாலான நேரம் இந்த வாத்துகள் 6,000 மீட்டருக்குக் கீழேதான் பறக்கின்றன. கணவாய்களையும் பள்ளத்தாக்குகளையும் பிடித்துப் போகின்றன. அந்த ஆய்வில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,848 மீட்டருக்கு மேல். சிகரத்தைத் தாண்டவில்லை.

ஆனால் உண்மை ஒன்றும் குறைந்தது இல்லை. தாழ்நிலத்தில் கிளம்பிய ஒரு வாத்து இமயத்தின் ஏற்றத்தை ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. பின்காற்றின் உதவிகூட இல்லாமல், சிறகை அடித்தே. அதிலும் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும். அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். சிறகுக்குப் பிடிமானம் அதிகம். ஒரே உயரத்தில் நேராகப் போவதும் இல்லை. கீழே நிலம் இறங்கினால் தானும் இறங்கி, ஏறினால் தானும் ஏறிப் போகிறது என்று 2015-ல் வந்த ஆய்வு சொன்னது. இறங்கிவிட்டு மறுபடி ஏறுவது வீண் வேலை மாதிரி நமக்குத் தோன்றும். ஆனால் மேலேயே மெல்லிய காற்றில் பறப்பதைவிட அதுதான் சிக்கனம். அதன் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினும் குறைந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் விதத்தில் சமவெளி வாத்துகளுடையதிலிருந்து மாறுபட்டது.

சிகரத்துக்கு மேலே பறக்கிறது என்ற கதையைவிட, காற்றுக்கும் மலைக்கும் கணக்குப் பார்த்துப் பறக்கிறது என்ற உண்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் கேள்விக்குப் பதில்: ஆம், வடமலைக்குத்தான் போகிறது. அதையும் தாண்டிப் போகிறது. இதற்கு எண்ணும் எழுத்துமாக ஆதாரம் இருக்கிறது.

மூன்றாம் கேள்வி: அந்த அன்னமா இது?

புறநானூற்றின் 67-ஆம் பாட்டு. பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரில் இருந்த ஆந்தையார், தான் நேரில் பார்த்தே இராத கோப்பெருஞ்சோழனை நினைத்து ஒரு ஆண் அன்னத்திடம் பேசுகிறார். குமரித் துறையில் இரை தின்றுவிட்டு வடமலைக்குப் போகிறாய் என்றால், நடுவில் சோழநாட்டு உறையூரில் இறங்கு. வாயிற்காவலனைக் கேட்காமலே உள்ளே போ. நான் ஆந்தையின் ஆள் என்று சொல். உன் பெட்டைக்கு அணிகலன் தருவான். இதுதான் சாரம். பின்னால் அந்தச் சோழன் வடக்கிருந்து உயிர்விட்டபோது, பிசிராந்தையார் வந்து தானும் உடன் இருந்து உயிர் துறந்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

குமரியிலிருந்து வடமலை. வரைபடத்தில் கோடு போட்டால் கூந்தன்குளம் பக்கம், உறையூர், இமயம். ஜோடி ஜோடியாக வாழும் பறவை. சங்கப் பாட்டுகளில் அன்னத்தின் மெல்லிய தூவி படுக்கையில் வைக்கப்படுகிறது. வாத்தின் தூவிக்குத்தான் அந்தக் குணம். ஃபோகல் என்ற டச்சு அறிஞர் 1962-ல் வெளிவந்த தன் நூலில், இந்திய இலக்கியத்தின் ஹம்சம் என்பது காட்டு வாத்துதான் என்று வாதாடியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் இவ்வளவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நான் துள்ளினேன். குறிப்பை எழுதினேன்.

நான் தவறவிட்டது ஒரே ஒரு சொல். அந்த அன்னம் குமரித் துறையில் தின்றது அயிரை. அயிரை மீன். நம்ம ஊர்க் குழம்பில் போடுவோமே, அதே சின்ன மீன்.

வரித்தலை வாத்து மேய்கிற பறவை. புல், தானியம், கிழங்கு, அறுத்த வயலில் சிந்திய நெல். அலகும் அதற்கேற்ற மாதிரி. மீன் பிடித்துப் பிழைக்கிற பறவை இல்லை. தவிர, சங்கப் பாட்டுகளில் வரும் அன்னம் வெள்ளை, கால் சிவப்பு. நம் வாத்து சாம்பல், கால் ஆரஞ்சு. அது தங்குவது நன்னீர்க் குளம். பாட்டில் வருவது குமரித் துறை. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பாட்டின் சுருக்கத்தைப் படித்துவிட்டு எழுதியிருந்தேன். மூலத்தை உரையோடு நிதானமாகப் படித்திருந்தால் அயிரை அன்றைக்கே மாட்டியிருக்கும்.

இதற்குச் சமாதானம் சொல்லலாம். புலவர் பறவையியலாளர் இல்லை, நீர்ப்பறவை என்றால் மீன் தின்னும் என்று பொதுவாகச் சொல்லியிருப்பார் என்று. அல்லது, இலக்கிய அன்னம் என்பது ஒரே பறவை இல்லை. நாரையின் இரை, வாத்தின் தூவி, இன்னொன்றின் நிறம் எல்லாம் சேர்ந்து உருவான ஒரு பாட்டுப் பறவை என்று. இரண்டாவது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனக்குச் சாதகமான வடமலையை அப்படியே நிஜம் என்று எடுத்துக்கொண்டு, எனக்குப் பாதகமான அயிரையை மட்டும் கவிதை என்று தள்ளினால், அது ஆராய்ச்சி இல்லை. பிடித்த முடிவுக்குத் தேவையான டேட்டாவை மட்டும் வைத்துக்கொள்வது. அதை அலுவலகத்தில் என் டீமில் ஒரு பையன் செய்தால் நான் விடமாட்டேன்.

ஆக, மூன்றாம் கேள்விக்குப் பதில்: தெற்குக் கோடிக்கு வந்துவிட்டு வடக்கு மலைக்குத் திரும்பும் பறவைகள் உண்டு என்பது அந்தப் பாட்டு பாடப்பட்ட காலத்திலேயே இங்கே தெரிந்திருந்தது. கேட்பவர்களுக்கும் அது புரியும் என்று நம்பித்தான் புலவர் பாடியிருக்கிறார். இது உறுதி. அந்தப் பறவை வரித்தலை வாத்துதானா என்பது உறுதி இல்லை. முதல் பாதியே பெரிய விஷயம். ஐயாயிரம் வருடமும் எவரெஸ்ட்டும் அதற்குத் தேவையில்லை.

அக்கா மகளுக்குச் சொன்னது

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அவளிடம் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ பரிசைத் திருப்பிக் குடுக்கணுமா மாமா?" என்றாள்.

"வேண்டாம். தப்பு என்னோடது. நான்தான் சரியாப் படிக்காம எழுதினேன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "மீன் விஷயத்தைச் சொல்லியிருந்தா முதல் பரிசே கிடைச்சிருக்கும்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் இருட்டும் நேரத்தில் அவளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போனேன். கரையில் நின்றோம். நாரைகள் அடங்கிக்கொண்டிருந்தன. வாத்துக் கூட்டம் தண்ணீரின் அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும், வெளிச்சம் போதவில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது அப்பா கையைத் தூக்கினார். தலைக்கு மேலே எங்கேயோ, வயல் பக்கமாக, ஆங்... ஆங்... என்று போனது.

அவள் போனை வாங்கிப் பதிவு போட்டாள். எண்ணிக்கை என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டாள். எண்ணாததை எண்ணாக எழுதாதே என்றேன். குறிப்புப் பகுதியில் அவளே எழுதினாள்: "குரல் கேட்டது. பார்க்கவில்லை."